முகம் காட்டப் போனவள்

கமலாம்பிகை ஸ்ட்ரெதத்திலிருந்து பஸ் ஏறித் தம்பியின் கடைக்கு வருகிறார் என்றால் ஒன்றில் செத்தவீடு, இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய சங்கதி. அந்த ஓகஸ்ட் ஞாயிறு மத்தியானம் யாரும் சாகவில்லை. கைப்பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில், சூயிங்கம் அடுக்கியிருந்த தட்டின் மேல் வைத்தார். வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். கமலாம்பிகை பேசாமல் நிற்பது எப்போதாவது நடக்கிற காரியம் என்பதால் கல்லாவில் நின்ற அருள்மலர் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைக் கீழே வைத்தாள்.

தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த அந்தக் கடை அருள்மலரின் கணவன் யோகராஜாவினுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சோறு கொண்டுவருவாள். அவர் பின்னறையில் இருந்து சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கல்லாவில் நிற்பாள். கமலாம்பிகை அவருடைய மூத்த அக்கா.

படத்தில் ஒரு கனடாக் குடும்பம். ஜூன் மாதம் சூரிச்சில் நடந்த கலியாணத்துக்கு வந்தவர்கள். றைன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஐந்து பேரும் வரிசையாக நின்று கமராவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வலது மூலையில், ஒரு வாங்கு. வாங்கில் உட்கார்ந்து, நீலக் காற்சட்டை போட்ட ஒரு பெண் அண்ணாந்து, கடைவாய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கடதாசிப் பையொன்றை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். படத்தின் அடியில் கமரா திகதி போட்டிருந்தது: 2007 ஜூன் 15. வெள்ளிக்கிழமை.

"இது ஆர், அருள்?" என்றார் கமலாம்பிகை.

அருள்மலர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இப்படியா சிரித்தேன் என்பதுதான் முதலில் அவளுக்கு வந்த யோசனை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"நான்தான் மச்சாள்."

"சனிக்கிழமை காலமைதான் பிளேனால இறங்கினனான் எண்டு சூரிச்சில சிவகௌரிக்குச் சொன்னனீராம்?"

"ஓம். சொன்னனான். வியாழக்கிழமையே போயிட்டன். நீர்வீழ்ச்சி பார்க்கப் போனனான்."

"ஆரோட?"

"தனிய."

கமலாம்பிகை தொப்பிக்காரரின் மேல் விரலை வைத்தார். "அப்ப இவர்?"

"தெரியாது. பக்கத்தில வந்து இருந்தவர்."

"தெரியாத ஆளுக்கோ இந்தச் சிரிப்பு?"

யோகராஜா வாயைத் துடைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தார். படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். யாரோ ஒரு பெண் பாலும் பேப்பரும் வாங்க வந்தாள். கொடுத்தார், நன்றி சொன்னார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அக்கா, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அருள்மலர் அந்தத் தேத்தண்ணியையே நினைத்துக்கொண்டு போனாள். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எங்களுடைய ஆட்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் நாங்கள் போய்க் குந்தாத ஊர் இல்லை. சூரிச்சில் ஒரு பெரியம்மா மகள், ஒஸ்லோவில் ஒரு மருமகன், இத்தாலியில் பொலோனியாவில் ஒரு ஒன்றுவிட்ட தம்பி. மாதத்துக்கு ஒரு கலியாணக் காட் தபாலில் வரும். கலியாணம் இல்லையென்றால் பெரிய பிள்ளையான பெண்ணுக்குச் சாமத்திய வீடு, அதுவும் இல்லையென்றால் செத்தவருக்கு அந்தியேட்டி. வீட்டுக்கு ஓராள் என்றாலும் போய் முகம் காட்டவேண்டும். போகாவிட்டால் சண்டை ஒன்றும் வராது. உங்கள் வீட்டுக் கலியாணத்தில் வாடகைக்கு எடுத்த ஹோல் பாதி வெறிச்சோடிக் கிடக்கும், அப்போது தெரியவரும்.

யோகராஜா கடையைத் திறந்து பதினாலு வருடம். ஒரு நாளும் பூட்டியதில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக்கூட மத்தியானம் வரைக்கும் திறந்திருப்பார். ஆகவே முகம் காட்டுகிற வேலை அருள்மலரின் தலையில் விழுந்தது. கவுன்சிலில் பார்க்கிங் பேர்மிட் கொடுக்கும் பகுதியில் அவளுக்கு வேலை. நாள் முழுவதும் ஊராரின் கோபக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள். லீவு சேர்ந்து கிடந்தது. மலிவு விமான டிக்கெட்டும் அப்போது வந்துவிட்டது. ஒரே மகள் கௌசியும் தன்பாட்டைப் பார்க்கிற வயதுக்கு வந்து, பிறகு லீட்ஸில் படிக்கப் போய்விட்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சொந்தக்காரர் இருக்கிற நாட்டில் ஹோட்டலில் தங்குவது முகத்தில் அடிக்கிற மாதிரி. விமான நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் வந்து உங்களைக் காரில் ஏற்றுவார். அவர் வீட்டில் புட்டுத் தின்று, இன்னொருவர் வீட்டில் இடியப்பம் தின்று, மூன்றாமவர் புதிதாகக் கட்டின சமையல் குசினியைப் பார்த்து, தமிழ்க்கடைக்குப் போய், திரும்பவும் விமான நிலையம். பாரிசுக்கு எட்டுத் தரம் போனவர்கள் எங்களில் எத்தனையோ பேர். அந்த ஊரில் ஒரு ஆறு ஓடுகிறது என்பது அவர்களுக்குக் கேள்விப்பட்ட செய்தி.

அருள்மலரும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தாள், 2001 வரைக்கும். அந்த வருடம் ஸ்டுட்கார்ட் கலியாணத்துக்குப் போனபோது அவளை ஏற்ற வந்தவர் வேறு விமான நிலையத்தில் போய் நின்றுவிட்டார். மலிவு விமானம் எங்கேயோ வயலுக்குள் இறக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குக் கையில் செல்போனும் இல்லை. ஒரு பஸ் ஏறி, ஒரு ரயில் ஏறி, ரயில் மாறவேண்டிய இடத்தில் மாறாமல் ஹைடல்பெர்க்கில் இறங்கினாள். அவளுடைய டிக்கெட் செல்லக்கூடிய அடுத்த ரயிலுக்கு நாலு மணித்தியாலம் இருந்தது.

அந்த நாலு மணித்தியாலத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பழைய பாலத்தில் ஏறி நடுவில் நின்றாள். ஒரு பணிஸ் வாங்கித் தின்றாள். நடந்தாள். நீங்கள் எந்த ஊர், ஆருடைய மகள், அவர் ஏன் வரேல்லை, இன்னும் கடைதானோ என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்து அந்த நாலு மணித்தியாலம் மட்டும்தான் அவள் யாருக்கும் ஒன்றுமாக இல்லாமல் இருந்தாள். ரயிலில் திரும்ப ஏறியபோது கால் நிலத்தில் நிற்கமாட்டேன் என்றது. அன்று தொற்றியது அந்தக் காலை இன்னும் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காட் வந்தால் அவள் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முதல் வரைபடத்தைத்தான் பார்ப்பாள். சனிக்கிழமை கலியாணம் என்றால் வியாழன் காலை விமானம். வீட்டில் யோகராஜாவுக்கு, அந்தந்த ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறேன் என்று சொல்வது. கலியாண வீட்டில், இப்போதுதான் இறங்கினேன் என்று சொல்வது. இரண்டு பொய்க்கும் நடுவில் இரண்டு பகல் அவளுக்குக் கிடைத்தது.

பெல்ஜியத்தில் அன்ட்வெர்ப் கலியாணத்துக்குப் போனபோது பக்கத்து ஊரான கெண்டில் ஒரு சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே அறை எடுத்தாள். அறை முழுவதும் டியூப் ஒட்டுகிற றப்பர் சொலூசன் மணம். இரண்டு நாளும் மழை விடவேயில்லை. அவளும் நடப்பதை விடவில்லை. பொலோனியா சாமத்திய வீட்டுக்குப் போனபோது ஃபெராராவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, கோட்டை மதில் மேல் ஓடி, ஒரு நாயைத் தவிர்க்கப் போய் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். ஹோலில் கேட்டவர்களுக்கு, எஸ்கலேட்டரில் தடக்கிவிட்டேன் என்று சொன்னாள். டென்மார்க்கில் ரிபே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தீவுக்குப் போகும் றோட் கடல் பெருகும்போது தண்ணீருக்குள் போய்விடும் என்று கேள்விப்பட்டு, அந்த றோட்டின் தலைப்பில் போய் நின்றாள். முதலில் கல் நனைந்தது. பிறகு நடுக்கோடு மறைந்தது. பிறகு றோட்டே இல்லை. அவளைத் தவிர அதைப் பார்க்க ஒரு குருவியும் அங்கே இல்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினாள். அடுத்த நாள் கலியாணம் நடந்த ஹேர்னிங்கில் மணப்பெண்ணுக்குப் பின்னால் தட்டம் தூக்கிக்கொண்டு போகும்போது தொண்டை கட்டியிருந்தது.

கமரா கொண்டுபோவதில்லை. ஒரு சாமானும் வாங்குவதில்லை. டிக்கெட் துண்டுகளைத் திரும்பி வந்து இறங்கியதுமே குப்பையில் போட்டுவிடுவாள். சேலை பெட்டிக்குள்ளிருந்து ஹோலின் கழிவறையில்தான் வெளியே வரும். தமிழ்க்கடை இருக்கிற ஊருக்குப் போகமாட்டாள். எங்களுடைய ஆட்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகிற இடத்தின் பக்கமே தலைவைக்கமாட்டாள்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் சறுக்கினாள். சுவிஸில் இருக்கிற தமிழ் வீடு ஒவ்வொன்றிலும் றைன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் எடுத்த படம் ஒன்று கட்டாயம் தொங்கும். அது தெரிந்தும் போனாள். ரயிலில் இருக்கும்போதே இரைச்சல் கேட்டது, கால் இருக்க விடவில்லை, இறங்கிவிட்டாள். கலியாணத்துக்கு முதல் நாள் எல்லோரும் பலகாரம் சுட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். கனடாவிலிருந்து வந்தவர்களைச் சூரிச்காரர் எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்று யோசிக்கவில்லை.

கிழவர் பையில் செரிப்பழம் வைத்திருந்தார். அவருடைய பாஷை அவளுக்குத் தெரியாது, அவளுடைய இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. பழத்தைத் தின்று கொட்டையைத் தண்ணீர்ப் பக்கம் துப்பினார். அவளும் துப்பினாள். அவளுடையது தூரமாகப் போனது. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

இதை யாருக்குச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? திங்கட்கிழமை சூரிச்சிலிருந்து சிவகௌரி போன் எடுத்தார். அவருடைய கோபம் வேறு. "எங்கட வீட்டில மூண்டு அறை சும்மா கிடக்க நீர் ஹோட்டலிலயோ படுத்தனீர்? நாங்கள் என்ன அவ்வளவு கேவலமோ?" என்று அழுதார். சவுத்தாலில் இருந்த சித்தப்பா முறையான ஒருவர் அவள் ஏதோ வெள்ளைக்காரச் சபையில் சேர்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டினார். லீட்ஸிலிருந்து கௌசி, "அம்மா, கூல்! தனியவா போனீங்க?" என்று கத்தினாள். கமலாம்பிகை மட்டும், தான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னார்.

யோகராஜா வழக்கம்போல் காலமை ஐந்தரைக்குக் கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். படம் சட்டைக்குச் சட்டை மாறியது. அருள்மலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவுன்சில் கந்தோரில் ஒரே ஆளுக்கு இரண்டு பேர்மிட் அனுப்பினாள். பஸ்ஸில் இருக்க ஏலாமல் இரண்டு தரிப்பு முந்தி இறங்கி நடந்தாள். ஸ்டேஷன் பாலத்தில் நின்று போகிற வருகிற ரயில்களைப் பார்த்தாள். ஆறு வருடம் சேர்த்த பகல்களை யாரோ வீட்டுக்குள் வந்து தேடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அவர் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று அவள் பயப்படவில்லை. இனிமேல் போகாதே என்று ஒரு சொல் சொல்லிவிடுவார் என்றுதான் பயந்தாள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கடைக்குப் போனாள். அவர் சூப் டின்களுக்கு விலைத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். படத்தை எடுத்துக் கல்லாவில் வைத்தார். மூலை மடிந்திருந்தது.

"இப்பிடிச் சிரிச்சு நான் உம்மைக் காணேல்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஹைடல்பெர்க் பாலத்திலிருந்து செரிக்கொட்டை வரைக்கும், ஒன்று விடாமல். நடுவில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள்; அவர் சாமானைக் கொடுத்துவிட்டு, "பிறகு?" என்று கேட்டார். மழைக்குள்ள குடை இருந்ததோ என்று கேட்டார். விழுந்த முழங்காலுக்கு மருந்து போட்டனீரோ என்று கேட்டார். தண்ணீருக்குள் போன றோட்டைப் பற்றி இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். சொல்லி முடிய அவள் அழுதுவிட்டாள்.

"நம்புறீங்களோ?"

"ஓம். இப்பிடியொரு பொய்யைச் சொல்ல ஆருக்கு ஏலும்?" என்றார் யோகராஜா. ஒரு சூப் டின்னை நேராக வைத்துவிட்டு, "நான் ஜேர்மனியில மூண்டு வருஷம் இருந்தனான். அகதிக் காம்பும் பார்த்தன், ரெஸ்ரோறன்ட் குசினியும் பார்த்தன். வேற ஒண்டும் பார்க்கேல்லை. பிழை என்னிலதான். உம்மை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகேல்லை," என்றார்.

அங்கேதான் வினை தொடங்கியது.

செப்டெம்பர் கடைசியில் ஒஸ்லோவில் சுஜீத்தின் கலியாணம். சுஜீத் அவர்களுக்கு மருமகன் முறை. யோகராஜா கடையைப் பூட்டுவதாக அறிவித்தார். வியாழக்கிழமையே போகலாம், நீர் போகிற மாதிரியே இரண்டு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்றார். செய்தி ஒரு மணித்தியாலத்தில் லண்டன் முழுவதும் போனது. எல்லோருக்கும் நிம்மதி. பாவம், மனிசன் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாத ஏக்கத்தில்தானே அந்தப் பிள்ளை அப்படித் திரிந்திருக்கிறது என்று முடிவு வந்தது. சிவகௌரி மன்னித்தார். கமலாம்பிகை, "அப்ப நானும் வாறன்," என்று தனக்கும் ஒரு டிக்கெட் எடுப்பித்தார்.

யோகராஜா நடக்கிற சப்பாத்து ஒன்று வாங்கினார். கல்லாவுக்குக் கீழே நோர்வே வரைபடம் ஒன்றை வைத்து ஆளில்லாத நேரம் பார்த்தார். "அருள், ஒஸ்லோவில ஒரு கப்பல் மியூசியம் இருக்காம்," என்று போனில் சொன்னார். அவளுக்கு அந்த மனிதனை நினைக்க நெஞ்சு உருகியது. அதே நேரம் மூச்சு முட்டியது. இரண்டும் உண்மை. கெண்டும் ஃபெராராவும்கூட அவளிடம் முன்போல இல்லை. மழையை நினைத்தால், குடை இருந்ததோ என்ற கேள்வி கூடவே வந்தது. முந்தி விமானத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவளுக்குக் கால் துறுதுறுக்கும். இப்போது வேறு துடிப்பு. சமையலை அடுப்பில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்பாள், ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்புவாள்.

பயணத்துக்கு எட்டு நாள் இருந்தது. யோகராஜா ஒரு மட்டையில், கடை வியாழன் தொடக்கம் திங்கள் வரை பூட்டியிருக்கும் என்று தடித்த பேனையால் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தார். பதினாலு வருடத்தில் எழுதுகிற முதல் அறிவித்தல், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் அருள்மலர். "சனிக்கிழமை நான் ஹோலுக்கு வாறன். வியாழனும் வெள்ளியும் உங்களோட வரேல்லை."

"ஏன், லீவு தரமாட்டினமாமோ?"

"லீவு இருக்கு. நான் தனியப் போகப்போறன்."

பேனை நின்றது. "அக்கா வாறா எண்டதாலயோ? அக்காவை நான் மறிக்கிறன்."

"அக்கா இல்லை. நீங்களும்தான்."

அவள் நினைத்ததைவிட அது பலமாக விழுந்தது. யோகராஜா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் விடேல்லை. உங்களோட வந்தால் நான் உங்கட மனிசி. நீங்கள் சாப்பிட்டனீங்களோ, குளிருதோ, கால் நோகுதோ எண்டு பாப்பன். பாக்காமல் இருக்க எனக்கு ஏலாது. தனியப் போனால் நான் ஆருக்கும் ஒண்டும் இல்லை. அதுக்குத்தான் நான் போறனான். ஊர் பாக்க எண்டு சொன்னது அரைவாசிதான்."

அவர் பேனையின் மூடியைப் போட்டார். வெளியே பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அந்தக் கிழவனோட ஏதும் இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும், அருள்," என்றார் கடைசியில். "கோவிச்சிருப்பன், கத்தியிருப்பன். ஆனால் விளங்கியிருக்கும். இது எனக்கு விளங்கேல்லை."

அவளுக்குக் கண்ணீர் ஓடியது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தால் இனி ஒருநாளும் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"டிக்கெட் எடுத்தாச்சு. நான் அக்காவோட போறன்," என்று சொல்லிவிட்டு யோகராஜா மிச்ச எழுத்துகளை எழுதி முடித்தார்.

மூன்று பேரும் ஒரே விமானத்தில்தான் போனார்கள். கமலாம்பிகை நடுவில் இருந்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து அருள்மலரோடு கதை பேச்சில்லை. விமானம் வழக்கம்போல் ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன நிலையத்தில் இறக்கியது. அக்காவும் தம்பியும் ஒஸ்லோ பஸ்ஸுக்குப் போனார்கள். யோகராஜா மட்டும் பாதியில் திரும்பி வந்தார்.

"குளிருக்குப் போடச் சட்டை இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்.

அருள்மலர் ஹோர்டன் என்ற ஊருக்குப் போனாள். அங்கிருந்து கடலைக் கடந்து மோஸ் என்ற ஊருக்குக் கார்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய படகு போகும், அரை மணித்தியாலம். போய் இறங்கினாள். இறங்கி நிற்க மனம் வராமல் அதே படகில் திரும்பி வந்தாள். திரும்பவும் போனாள். காற்று அப்படி அடித்தது. மேல்தட்டில் அவள் ஒருத்திதான். இப்படியொரு இடத்துக்குத்தானே ஆறு வருடமாக ஓடி ஓடி வந்தாள். ஆனால் அந்தத் தரம் மனம் ஒரு கரையிலும் இறங்கவில்லை. அவர் சாப்பிட்டாரோ, கமலாம்பிகை என்ன சொல்லிக் குத்திக்கொண்டிருக்கிறாரோ என்றே போனது. தனியாக இருக்க வந்த இடத்தில் அந்த மனிதனும் பக்கத்தில் வந்து இருந்துகொண்டார் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாரில் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை ஹோலின் கழிவறையில் சேலை உடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது யோகராஜா கோட் சூட்டுடன் வாசலில் நின்றார். "வந்திட்டீரோ," என்றார். மணப்பெண்ணின் பெரியம்மா பிடித்துக்கொண்டார். "என்ன, சோடியா வராமல் தனித்தனிய வந்தனீங்கள்?"

"அவவுக்குக் கந்தோரில ஒரு வேலை முடிக்க இருந்தது. காலமைதான் இறங்கினவ," என்றார் யோகராஜா, முகம் மாறாமல். அருள்மலர் ஆறு வருடமாகச் சொல்லி வந்த பொய்யை அவர் வாயால் கேட்டபோது அவளுக்கு ஏதோ செய்தது. சாப்பாட்டு வரிசையில் அவளுக்கும் சேர்த்து அவரே தட்டை எடுத்து வந்தார். அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு, செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிடும் நேரம் கமலாம்பிகை போன் எடுத்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் கதை.

"இவன் வெள்ளிக்கிழமை உம்மோடையோ நிண்டவன்?"

"இல்லையே மச்சாள். ஏன்?"

"காலமை பால் வாங்கியாறன் எண்டு போனவன், பின்னேரம் ஆறு மணிக்கு வாறான். சப்பாத்தெல்லாம் சேறு. முகம் வெயிலில சிவந்துபோய்க் கிடக்கு. எங்கயடா போனனீ எண்டு கேட்டால் சிரிக்கிறான். நீர் அவனைக் கெடுத்துப்போட்டீர்."

அருள்மலர் பஸ்ஸுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனாள். யோகராஜா பாண் ரொட்டித் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை எங்க போனனீங்கள்?"

"ட்ராம் ஒண்டில ஏறினனான். கடைசித் தரிப்பு மட்டும் போய் இறங்கினனான்."

"பிறகு?"

"பிறகு நடந்தனான்."

"எந்தப் பக்கத்தால? என்ன இருந்தது அங்க?"

யோகராஜா யோசித்தார். யோசிக்கும்போது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் அவள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியாது.

"இருந்தது," என்றார்.

காடோ, குளமோ, மலையோ? வழி தவறிப் போனாரோ? யாரோடாவது கதைத்தாரோ? எதைப் பார்க்கப் போய் அவ்வளவு சேறு மிதித்தார்? மத்தியானம் என்ன தின்றார்? அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அவருடைய ஒரு முழுப் பகல் அவளுடைய கைக்கு எட்டாமல் எங்கேயோ கிடந்தது. அது பொறாமைதான், வேறு பெயர் சொல்லிச் சமாளிக்க ஏலாது. அவள் அவருக்குத் தெரியாமல் வைத்திருந்த பகல்கள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தாள். இருபதுக்கு மேல் வரும். அத்தனையையும் ஒரு புதன்கிழமை பின்னேரத்தில் கேட்டுவிட்டு இந்த மனிதன் எப்படித் தாங்கினார்? அவளுக்கு ஒன்றையே தாங்க ஏலவில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்து போனது. அவள் ஏறவில்லை.

"கொஞ்சமாவது சொல்லுங்கோவன்," என்றாள்.

"பின்னேரம் வாரும், பாப்பம்," என்று சொல்லிவிட்டு யோகராஜா பாண் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.